பதினாறாயிரத்துக்கு மேலே

செப்டம்பர் 4, வியாழன்

இன்று ஒரு திருட்டைப் பிடித்தேன். அலுவலகத்தில் இல்லை, வீட்டில்.

அலுவலகத்தில் நான் முத்திரை ஆய்வாளர். திண்டுக்கல் கடைகளில் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை அடிப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தால் 'இழப்பில்லா இசைப் பேழை' என்ற டெலிகிராம் குழுவிலும் அதே வேலைதான். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். கடைகளில் இனிக் கிடைக்காத பாட்டுகளை, இசைத்தட்டில் இருந்த ஒலி ஒரு துளியும் குறையாத கோப்பாகப் பகிர்ந்துகொள்கிறோம். எம்பி3 அப்படி இல்லை. அளவு சிறிதாக வேண்டும் என்பதற்காக ஒலியைச் செதுக்கி எறிந்தது அது. சிலர் அந்த எம்பி3யையே பெரிய கோப்பாக மாற்றி, இழப்பில்லாதது என்று பெயர் போட்டு ஏற்றிவிடுகிறார்கள். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய குண்டானில் ஊற்றிவிட்டால் அது கெட்டிப் பால் ஆகிவிடுமா?

கண்டுபிடிப்பது சுலபம். ஒலியைப் படமாகக் காட்டும் மென்பொருள் இருக்கிறது. அடியில் தபேலா, நடுவில் குரல், உச்சியில் ஜால்ரா, சலங்கை வகையறா. நல்ல கோப்பின் படம் இருபத்திரண்டாயிரம் ஹெர்ட்ஸ் வரை ஏறும். எம்பி3யிலிருந்து வந்தது பதினாறாயிரத்தில் சுவர் எழுப்பியது போல நின்றுவிடும். அதற்கு மேலே வெறும் கறுப்பு.

இன்று பிடித்த ஆள் இன்னும் கெட்டிக்காரர். 'செலின், திருச்சி' என்ற பெயரில் பொன்வண்டு மெல்லிசைக் குழுவின் எட்டுப் பாட்டையும் ஏற்றியிருக்கிறார். அது என் சொத்து மாதிரி. திருச்சியில் அந்தக் குழு 1998ல் சொந்தமாகப் போட்ட எட்டுப் பாட்டுகள். அதன் குறுந்தகடு 2004ல் மதுரையில் ஒரு கடையில் எனக்குக் கிடைத்தது. பேழையில் நான் முதன்முதலாக ஏற்றியது அதுதான். கோவையில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் எங்கள் அட்மின் கோதண்டபாணி, அதை 'இதுதான் தரம்' என்று குழுவின் உச்சியில் வைத்திருக்கிறார். புதிதாக வருகிறவர்கள் முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொடவேண்டும்.

செலினின் கோப்பைக் கேட்டேன். பாட்டு முழுக்க மேலே ஒரு 'ஸ்ஸ்' ஓசை. என் கோப்பில் அது இல்லை. படத்தைப் பார்த்தால் இருபத்திரண்டாயிரம் வரை புகை. புரிந்துவிட்டது. எம்பி3யை எடுத்து, சுவர் தெரியாதபடி மேலே இரைச்சலைப் பூசி மறைத்திருக்கிறார். சிவப்பு முத்திரை குத்தினேன்: "போலி. செயற்கை இரைச்சல் சேர்க்கப்பட்டுள்ளது." முப்பது நாளுக்குள் மறுத்து நிரூபிக்காவிட்டால் ஆளை நீக்கி, ஏற்றியதையும் அழித்துவிடுவோம். அக்டோபர் 4 கெடு.

இட்லி சாப்பிட்டேன். நிம்மதியாகத் தூக்கம் வரும்.

செப்டம்பர் 5, வெள்ளி

குற்றவாளி குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். பெண். இரண்டு நிமிடம் பத்து விநாடி.

"வணக்கம் சார். போலின்னு முத்திரை குத்துனீங்கள்ல, அந்தப் போலி பேசுறேன். இரைச்சல் சேத்திருக்குன்னு எழுதிருக்கீங்க. ஆமா சார், சேத்தது நான்தான். தொண்ணூத்தெட்டுல சேத்தேன். அந்தக் குழுவுல நான் சைடு ரிதம். ஷேக்கர், டேம்பரின், சலங்கை எல்லாம் நான்தான். எட்டுப் பாட்டுக்கும் நின்னுக்கிட்டே ஆட்டுனேன், மறுநாள் கை தூக்க முடியல, எங்கம்மாதான் சோறு ஊட்டுனாங்க. அத இரைச்சல்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். என் மாமியாருகூடச் சொன்னதில்ல."

இதற்குப் பிறகு ஒன்றரை நிமிடம் என் காதைப் பற்றிப் பேசுகிறார். அதை இங்கே எழுதவில்லை.

யார் வேண்டுமானாலும் இப்படிச் சொல்லலாம். சொல்வது சான்று ஆகாது. சோதனை நோக்கில் செய்தியை நான்கு முறை கேட்டேன். நான்காவது முறை கேட்கும்போது சகாயம் அக்கா சுண்டல் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். கூடப்பிறந்த அக்கா, குடியிருப்பது அடுத்த வீட்டில். அத்தான் மஸ்கட்டில் இருப்பதால் அவளுக்கு என் வீட்டைக் கண்காணிப்பதுதான் பொழுதுபோக்கு.

"யார்றா அது?"

"குழுவுல ஒரு போலி."

"போலிக்குக் குரல் நல்லாருக்கே."

அக்காவுக்கு ஒலித்தரம் பற்றி எதுவும் தெரியாது.

செப்டம்பர் 6, சனி

செலினுக்குப் பதில் எழுதினேன்: "சான்று அனுப்பவும்." மூன்று முறை அழித்து எழுதியதில் 'தயவுசெய்து' சேர்ந்துவிட்டது.

செப்டம்பர் 10, புதன்

அக்கா வேளாங்கண்ணி போய்விட்டு வந்தாள். எனக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாளாம். எதற்கு என்று கேட்டால் சொல்லவில்லை. முருங்கையில் கம்பளிப்பூச்சி. தீப்பந்தம் காட்டினேன்.

செலின் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். அவருடைய குறுந்தகட்டின் உள்தாள். பாடகர் தாமஸ், கீபோர்டு, தபேலா என்று வரிசையாகப் பெயர்கள். கடைசியில் 'சைடு ரிதம்: செல்வி செலின்'. என் தட்டில் உள்தாளே கிடையாது, முன்னட்டை மட்டும்தான். இந்தக் காலத்தில் எதைத்தான் அச்சடிக்க முடியாது? அசல் தட்டைக் கூரியரில் அனுப்பச் சொன்னேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு சார். அத கூரியர்ல போடமாட்டேன். வேணும்னா வந்து பாத்துக்குங்க" என்று பதில் வந்தது.

திருச்சி ஒன்றும் தூரமில்லை. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

இன்று தொலைபேசியிலேயே விசாரித்தேன். நாற்பத்தெட்டு நிமிடம். கிடைத்த தகவல்கள்: வயது நாற்பத்து நான்கு. கணவர் தவறி ஒன்பது வருடம். பாலக்கரையில் பெண்களுக்கு ஸ்கூட்டர் பழக்கும் பள்ளி நடத்துகிறார். இதுவரை எண்ணூறு பேருக்குப் பழக்கியிருக்கிறார், அதில் இரண்டு பேர் கன்னியாஸ்திரீகள். ரசத்தில் பூண்டு தட்டிப் போடுவாராம், நறுக்கிப் போடமாட்டாராம். மல்லிகை பிடிக்காது, தலைவலி வரும்.

மெல்லிசைக் குழு எப்படிக் கலைந்தது என்றும் கேட்டேன். "சண்டையெல்லாம் இல்ல சார். ஆளாளுக்குக் கல்யாணம் ஆச்சு. கச்சேரி நடக்குற நாள்லதான் சொந்தக்காரங்க வீட்டுல எல்லாம் விசேஷம் வருது" என்றார். நான் சிரித்துவிட்டேன். விசாரிக்கிறவர் சிரிக்கக்கூடாது.

ஒரு விஷயத்தை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. "நான் பாடல சார். கீபோர்டு வாசிக்கல. அந்த எட்டுப் பாட்டுல நான் இருக்கேங்கிறதுக்கு அந்த 'ஸ்ஸ்' மட்டுந்தான். ஒங்க காப்பிய அறுநூறு பேரு எறக்கிக் கேட்டுருக்காங்க. அதுல நான் இல்ல. நான் ஏத்துனதயும் நீங்க அழிச்சிட்டா, நான் அந்த ரூம்ல நின்னதே இல்லேன்னு ஆயிரும்."

என் தட்டை நானே என் கையால் கணினியில் ஏற்றினேன். 'பிழை ஏதும் இல்லை' என்று மென்பொருள் கொடுத்த அறிக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் போனேன். ரசத்தில் பூண்டைத் தட்டிப் போட்டுப் பார்த்தேன். பரவாயில்லை.

செப்டம்பர் 17, புதன்

மீன் மார்க்கெட்டில் சோதனை. கருவாட்டுக் கடை பாக்கியத்தின் தராசில் ஐம்பது கிராம் பிசகு. அடியில் செதில் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். துடைத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் பாக்கியம் விடவில்லை.

"நான் தப்பா நிறுத்தா நீங்க பிடிப்பீக. ஒங்க கல்லு தேஞ்சிருந்தா யாருய்யா பிடிப்பா?"

நான் பொறுமையாக விளக்கினேன். எங்கள் எடைக்கற்கள் வருடந்தோறும் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே அவற்றைவிட உயர்ந்த கல்லோடு வைத்துப் பார்த்துச் சான்று தருவார்கள். சான்று இல்லாத கல்லால் நான் யாரையும் சோதிக்க முடியாது, அது சட்டம். சான்றைப் பையிலிருந்து எடுத்தே காட்டினேன். பாக்கியம் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பச் சரி" என்றாள்.

பேருந்தில் வரும்போது அவள் கேட்டது பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகும் போகவில்லை.

செப்டம்பர் 20, சனி

என் கோப்பைப் படமாக்கிப் பார்த்தேன். பதினாறாயிரத்தில் சுவர்.

செப்டம்பர் 21, ஞாயிறு

எழுத எதுவும் இல்லை. கத்தரிக்காய்க் குழம்பு.

செப்டம்பர் 23, செவ்வாய்

எழுதித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் நாட்குறிப்பு எதற்கு?

மதுரைக் கடைக்காரர் எம்பி3யை வாங்கித் தட்டில் பதிந்து, அட்டை போட்டு விற்றிருக்கிறார். நான் அந்தத் தட்டைப் பிழையில்லாமல் நகல் எடுத்திருக்கிறேன். 'பிழை ஏதும் இல்லை' என்ற அறிக்கைக்கு அவ்வளவுதான் பொருள். பொய்யை ஒரு எழுத்துக்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறேன். பேழையில் முன்னூறுக்கு மேற்பட்ட கோப்புகளைப் படமாக்கிப் பார்த்தவன் நான். அதில் என்னுடையது ஒன்றுகூட இல்லை. கோப்போடு படமும் இணைக்கவேண்டும் என்ற விதி வருவதற்கு முன்பே அதை ஏற்றிவிட்டேன். அந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான்.

அலுவலகத்திலிருந்து வந்ததும் இன்னொரு சோதனை செய்தேன். செலினின் கோப்பிலிருந்து என் கோப்பைக் கழிக்குமாறு மென்பொருளுக்குச் சொன்னேன். இரண்டுக்கும் பொதுவானது அடிபட்டுப் போகும், அவரிடம் இருந்து என்னிடம் இல்லாதது மட்டும் மிஞ்சும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். தாமஸ் போய்விட்டார். கீபோர்டு போய்விட்டது. தபேலா எங்கோ தூரத்தில் நிழலாகக் கேட்டது. செலின் மட்டும் நின்று ஆட்டிக்கொண்டிருந்தார். எட்டுப் பாட்டிலும். ஒரு பாட்டில் ஷேக்கர், ஒரு பாட்டில் சலங்கை, மெதுவாக, விடாமல், யாரும் கவனிக்கவில்லை என்ற கவலையே இல்லாமல். மூன்றாம் பாட்டின் இரண்டாம் சரணத்தில் தாளத்தில் ஒரு தட்டு விட்டுப்போய், அடுத்ததில் பிடித்துக்கொள்கிறார். அந்த இடத்தைப் பலமுறை கேட்டேன்.

இருபத்தேழு வருடத்துக்கு முன் ஒரு பெண் கை வலிக்க வலிக்க ஆட்டியதை நான் இரைச்சல் என்று எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தோடு, ஏன் என்று தெரியவில்லை, சந்தோஷமாகவும் இருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

குழுவில் சொல்லிவிடவேண்டும். எப்படி எழுதுவது என்று யோசிக்கிறேன்.

செப்டம்பர் 25, வியாழன்

இன்னொரு மென்பொருளிலும் சரிபார்ப்பது நல்லது.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்னொரு மென்பொருளிலும் அதே சுவர்.

செலினோடு பேசினேன். சொல்லிவிடலாம் என்றுதான் எடுத்தேன். பேச்சு ஸ்கூட்டருக்குப் போய்விட்டது. ஒரு மாணவி நேற்று நேராக டீக்கடைக்குள் விட்டுவிட்டாராம். யாருக்கும் அடியில்லை, பஜ்ஜி மட்டும் போயிற்று. இடையில் நான், "மூணாம் பாட்டுல ரெண்டாவது சரணத்துல ஒரு எடத்துல விட்டீங்களா?" என்று கேட்டேன்.

"தும்மல் வந்துச்சு சார். அடக்கிட்டேன். கை நின்னுபோச்சு" என்றார். பிறகு, "அது கேக்குதா ஒங்களுக்கு?" என்றார்.

"கேக்குது."

"சரி சார்" என்றார். வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வைத்துவிட்டார். ஸ்கூட்டர் வகுப்பு இருந்திருக்கும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இரண்டு சட்டை வாங்கினேன். பழையவை கிழியவில்லை. அக்கா சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சட்டையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜெயந்தி. விடுமுறை விடாத கடைகளைச் சோதிக்கும் பணி. வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுவர், தட்டு, கழித்தல், எல்லாம். அவளுக்கு ஹெர்ட்ஸ் புரியவில்லை. மற்றது எல்லாம் புரிந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு பொய் சொல்லலேன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"இருபதாந் தேதி."

"பன்னெண்டு நாளாத் தெரிஞ்சுக்கிட்டு தெனமும் போன்ல சிரிச்சுக்கிட்டு இருந்திருக்க."

"சொன்னா என்ன நெனைப்பாங்களோன்னு…"

"அறுநூறு பேரா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"ஊர்ல உள்ளவன் தராசையெல்லாம் தூக்கிப் பாக்குற. பொண்ணு பாக்கப் போன எடத்துல எல்லாம் ஒரு நொட்டை சொன்ன. ஒருத்திக்குக் குரல் கீச்சு, ஒருத்திக்கு நடை வேகம். இன்னைக்கு ஒன் தட்டு எறங்குதுன்னதும் துணியப் போட்டு மூடுற" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி சாம்பாரும் ஊற்றினாள். எவ்வளவு திட்டினாலும் சாம்பாரை நிறுத்தமாட்டாள்.

அக்டோபர் 3, வெள்ளி

மாலை செலினிடமிருந்து எழுத்துச் செய்தி. குரல் இல்லை.

"சார், நாளைக்குக் கெடு முடியுது. நானே வெளிய போயிடுறேன். நிரூபிக்க எனக்கு ஒண்ணும் இல்ல. தெரியவேண்டியவங்களுக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். நல்லா இருங்க."

யாரைச் சொல்கிறார் என்று முதலில் புரியாதது போல உட்கார்ந்திருந்தேன். எனக்கு நானே நடிக்கிறேன். எனக்கு உண்மை தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தும்மலைக் கேட்ட அன்றே தெரிந்திருக்கிறது. என் கோப்பில் அந்தத் தும்மல் விழுந்த இடமே கிடையாது.

அக்டோபர் 4, சனி

காலை ஆறு மணிக்குப் பேழையில் ஏற்றியது, சொல் மாறாமல்:

"நண்பர்களே, நான் இன்னாசிமுத்து, இங்கே 'முத்திரை' என்ற பெயரில் இருப்பவன். குழுவின் உச்சியில் 'இதுதான் தரம்' என்று இருக்கும் என் கோப்பு போலி. எம்பி3யிலிருந்து செய்த தட்டிலிருந்து எடுத்தது. படம் இணைத்திருக்கிறேன், பதினாறாயிரத்தில் சுவரைப் பாருங்கள். திருச்சி செலின் அவர்கள் ஏற்றியதுதான் அசல். நான் இரைச்சல் என்று எழுதியது அவர் வாசித்த ஷேக்கரும் டேம்பரினும் சலங்கையும். அவர்மேல் நான் குத்திய சிவப்பு முத்திரையை எடுத்து என் கோப்பின்மேல் குத்துகிறேன். இது எனக்கு செப்டம்பர் 20ஆம் தேதியே தெரியும். பதினான்கு நாள் மறைத்தேன். அது கோப்பைவிடப் பெரிய போலித்தனம். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சோதகர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்."

அனுப்பிவிட்டு மாடியில் போய்த் துணி காயப்போட்டேன். இறங்கி வந்து பார்த்தால் நூற்று எழுபது பதில்கள். ஒருவர், "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் கோப்பை நிராகரிச்சீங்களே, அந்த அன்னைக்கு இது நடந்திருக்கக்கூடாதா" என்று எழுதியிருந்தார். ஒருவர் சுவர் படத்தில் என் முகத்தை ஒட்டி அனுப்பியிருந்தார், அது நன்றாகவே இருந்தது. கோதண்டபாணி என் கோப்பை இறக்கிவிட்டு செலினுடையதை உச்சியில் வைத்தார். 'சைடு ரிதம்: செலின்' என்று கீழே எழுதினார். "ஆயிரம் தடவ கேட்ட பாட்டுங்க. இன்னைக்குத்தான் முழுசாக் கேக்கறேன்" என்றார்.

அதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. வேலை முடிந்தது. அவருடைய பெயர் அவருக்குத் திரும்பிவிட்டது.

செலின் மட்டும் எதுவும் எழுதவில்லை. இன்று முழுக்க.

அக்டோபர் 5, ஞாயிறு

பூசை முடிந்து செருப்பு மாட்டும்போது அழைப்பு வந்தது.

"எப்பத் தெரியும்னு நீங்களே எழுதிட்டீங்க. இல்லேன்னா அதத்தான் கேட்டிருப்பேன்" என்றார் செலின்.

"மன்னிச்சிருங்க."

"தும்மலக் கேட்டீங்கள்ல, அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எட்டு நாளு காத்திருந்தேன் சார். ஒவ்வொரு நாளும் போன் அடிக்கும்போது இன்னைக்குச் சொல்லிருவாருன்னு எடுப்பேன். நீங்க வடை சுட்ட கதை சொன்னீங்க."

"பயமா இருந்துச்சு."

"எதுக்கு? பதவி போயிருமுன்னா?"

"நீங்க பேசமாட்டீங்களோன்னு."

கோயில் வாசலில் ஒரு கையில் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் ஒற்றைக் காலில் நின்றதில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை திருச்சிக்கு வாங்க. எங்க பழைய பாட்டுக் குழுவுல இப்ப அஞ்சு பேரு இருக்கோம். ஆளுக்கு ஒரு தடவ ஒங்களத் திட்டணும்னு ஆசப்படுறாங்க" என்றார் கடைசியாக.

அக்டோபர் 12, ஞாயிறு

அக்கா நானும் வருவேன் என்றாள். புதுச் சட்டை போட்டேன். வேறு சட்டை ஈரமாக இருந்தது என்று எழுத நினைத்தேன், பொய் எதற்கு? இதற்காகத்தான் வாங்கினேன்.

ஸ்கூட்டர் பள்ளியின் கொட்டகையில் ஐந்து பேரும் இருந்தார்கள். செலின் நான் நினைத்ததைவிடக் குட்டை. நரை ஏறிய தலையைச் சாயம் பூசாமல் விட்டிருக்கிறார். தாமஸ் முதலில் திட்டினார், ராகமாக. தபேலாக்காரர் திட்டத் தெரியாமல் சிரித்துவிட்டார். மற்ற இரண்டு பேரும் பிரியாணி வந்ததும் தங்கள் முறையை விட்டுக்கொடுத்தார்கள். செலின் திட்டவில்லை. "இவரு கேட்ட மன்னிப்ப நான் எழுத்துலயே வச்சிருக்கேன்" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் மூன்றாம் பாட்டை வாசித்தார்கள். செலின் ஷேக்கரை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். பாட்டு முழுக்க நான் அந்த ஓரத்தை மட்டும்தான் பார்த்தேன். இரண்டாம் சரணத்தில் அந்த இடம் வந்தபோது என்னைப் பார்த்தபடியே சரியாக ஆட்டினார்.

பாட்டு முடிந்தது. எல்லாரும் நான் ஏதோ சொல்வேன் என்று பார்த்தார்கள். தரம் பற்றிச் சொல்லத்தான் எழுந்தேன். வாயில் வேறு வந்தது. "ஒங்கள நான் கல்யாணம் பண்ணிக்க விரும்புறேன். ஆட்சேபணை இருந்தா தெரிவிக்கலாம்" என்றேன். நோட்டீஸ் ஒட்டுகிற மாதிரி சொல்லியிருக்கிறேன். கீபோர்டுக்காரர் கை தவறி ஏதோ ஒரு கட்டையை அமுக்கிவிட்டார்.

செலின் என்னைப் பார்க்கவில்லை. அக்காவிடம் திரும்பினார். "அக்கா, ஒங்க தம்பி இத எப்ப முடிவு பண்ணாரு?"

"அவனுக்கு இப்பத்தான் தெரியும். எனக்குச் செப்டம்பர் அஞ்சாந் தேதியே தெரியும்" என்றாள் அக்கா.

செலின் சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரத்திலிருந்த புறா பறந்துவிட்டது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆட்சேபணை இல்ல" என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு. வீட்டுல என்னப் படம் எடுத்துப் பாத்து மார்க் போடக்கூடாது" என்றார். ஒப்புக்கொண்டேன்.

எனக்கு நாற்பத்தேழு வயது. இவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேருந்தில் திண்டுக்கல் வரை எழுந்து நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

எங்கள் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குக்குருவிடம் தெரிவிக்கலாம் என்று ஊர் கேட்கச் சொல்வது. இரண்டு ஓலை முடிந்துவிட்டது. இன்று மூன்றாவது.

இத்தனை வருடம் ஊரார் குறையை நான் எழுதினேன். இப்போது என் குறையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம் என்று குருவானவர் ஒலிபெருக்கியில் அழைக்கிறார். என் பெயரைப் படித்தார். திரும்பிப் பின்வரிசை வரை பார்த்தேன். நான் அபராதம் போட்ட மளிகைக்கடைக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். கருவாட்டுக் கடை பாக்கியம் கையை உயர்த்தினாள். உயிர் போய்விட்டது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள், அவ்வளவுதான்.

யாரும் எழுந்திருக்கவில்லை. காணிக்கைப் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

வெளியே வந்ததும் செலினை அழைத்தேன். அவருடைய பங்குக் கோயிலிலும் இன்று மூன்றாம் ஓலை.

"அங்க யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்ல. அங்க?"

"இங்கயும் இல்ல."

"அப்ப நம்ம ரெண்டு பேருகிட்டயும் கொறையே இல்லன்னு அர்த்தமா?"

"நெறைய இருக்கு. எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லல" என்றேன்.

வருகிற இருபத்து நாலாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்தரைக்கு, திருச்சியில் திருமணம்.